வெள்ளிக் கண்மலர்

திருத்தணி
3-10-1944

அன்புள்ள அண்ணிக்கு,

சுலோச்சனா கும்பிட்டு எழுதுவது. அத்தையும் குழந்தை அமிர்தமும் சௌக்கியம். உங்கள் தம்பியும் சௌக்கியம். பட்டணத்தில் உங்கள் நிலையத்துப் பெண்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆசைதான். ஆனால் விசாரிக்க இதை எழுதவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நீங்கள் வந்து, எனக்காக உங்கள் தம்பியோடு சண்டை போட்டு, அவரை மலைமேல் அழைத்துப் போனீர்கள். கொடிமரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, 'இனி இவளை அடிக்கமாட்டேன்' என்று சொல்லி உள்ளங்கையால் அணைக்க வைத்தீர்கள். படி இறங்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு, கற்பூரம் அணைத்தவன் வாக்கு மாறினால் கண் போய்விடும், அது அவனுக்கும் தெரியும், இனிமேல் நிம்மதியாகத் தூங்கு என்றீர்கள். நானும் தூங்கினேன் அண்ணி. ஆவணி முழுக்கத் தூங்கினேன். அவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை முடிந்து சாயங்கால ரயிலில் வருவார், சாப்பிடுவார், குழந்தையைக் கொஞ்சுவார். ஒரு நாள் பூ கூட வாங்கி வந்தார். தெருவில் எல்லாரும் உங்களைத்தான் மெச்சினார்கள்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது வாரம் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அது என் தப்புதான். பித்தளைச் செம்பால் இடது காதோரம் அடித்தார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அத்தை விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அத்தை முதலில் பார்த்தது என் காதை அல்ல. தன் பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இமையை விரித்து அவர் கண்ணைப் பார்த்தார். எஞ்சின் புகையில் எப்போதும் இருக்கிற சிவப்புதான். அதற்கே அழுதுவிட்டு என்னிடம் வந்து சொன்னார். "யாராண்டையும் சொல்லாதே சுலோச்சனா. நீ சொன்னாத்தானே சாமி காதுல விழும்."

அவன் கை ஓங்கினால் முதலில் எனக்கு எழுது என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் ரயில் ஏறினீர்கள். எழுதிவிட்டேன். என் இடது காதில் ரயில் போகிற மாதிரி ஓயாத சத்தம். நான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

பதிலை வீட்டுக்குப் போடவேண்டாம். மலை அடிவாரத்தில் வளையல் கடை வைத்திருக்கும் ரம்ஜான் பீ பெயருக்குப் போட்டால் என்னிடம் சேரும். இதைத் தபாலில் சேர்ப்பதும் அவள்தான்.

சுலோச்சனா


அபய நிலையம்
புரசைவாக்கம், சென்னை
9-10-1944

சுலோச்சனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தரம் படித்தேன். இங்கே வந்து சேருகிற ஒவ்வொருத்தியிடமும் வார்டன் என்ற முறையில் நான் சில கேள்விகள் கேட்பது வழக்கம். உன்னிடமும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவன் அன்றைக்குக் குடித்திருந்தானா? உப்பு கூடிவிட்டது என்று அவன் சொன்னபோது நீ என்ன பதில் சொன்னாய்? செம்பால் அடித்தானா, அல்லது கோபத்தில் வீசியது உன்மேல் பட்டுவிட்டதா? வீசினது வேறு, அடித்தது வேறு.

ஆறுமுகத்தை எனக்கு நீ சொல்லித் தெரியவேண்டியதில்லை. நைனா செத்தபோது அவனுக்கு மூக்கு ஒழுகுகிற வயசு. என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போனவர் போனவர்தான், நானும் அம்மா வீட்டோடு வந்துவிட்டேன், அவனுக்கு வாயில் சோறு ஊட்டியது இந்தக் கை. முன்கோபக்காரன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மலைமேல் இருக்கிற சாமியின் பெயரையே வைத்துக்கொண்டு அந்தச் சாமி முன்னால் செய்த சத்தியத்தை மீறுகிறவன் இல்லை. அவ்வளவு துணிச்சல் அவனுக்குக் கிடையாது.

ஆம்பளை கோபம் அடுப்பில் வைத்த பால். பொங்கும்போது தண்ணீர் தெளிக்கத் தெரியவேண்டும். காதுக்கு நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக விடு. தீபாவளிக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்.

போன வாரம் இங்கே காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். வாயைத் திறக்கவில்லை, கை மட்டும் வீங்கியிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, செக்ரட்டரி அம்மாளிடம் சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுத்தேன். என் வேலை அப்படி. அதனால்தான் சொல்கிறேன், நிஜமாக அடிபட்டவளைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

குழந்தைக்கு என் முத்தம்.

கௌரி


திருத்தணி
24-10-1944

அண்ணிக்கு,

கேட்ட கேள்விகளுக்குப் பதில். அவர் குடிக்கவில்லை. நான் 'கை தவறிவிட்டது' என்று சொன்னேன். செம்பு கடைசி வரை அவர் கையில்தான் இருந்தது.

நீங்கள் சொன்னபடி தீபாவளிக்கு அம்மையார்குப்பம் போனேன். நூலுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து எங்கள் நைனா தறி பாதி நாள் சும்மா கிடக்கிறது. அவர் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார். அடுப்படியில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பாதி சொல்லும்போதே என் வாயைப் பொத்திவிட்டாள். "உன் ஊட்டுக்காரர் கண்ணு போயிட்டா உன்னை யாரு பாத்துக்குவாங்க? குருடனைக் கையைப் பிடிச்சி இழுத்துகினு திரிவியா?" என்றாள். அம்மாவும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு தலை வாரிப் பூ வைத்து ரயிலேற்றிவிட்டாள்.

திருத்தணி ஸ்டேஷனில் உங்கள் தம்பி வந்து நின்றிருந்தார். எல்லார் முன்னாலும் மூட்டையை வாங்கிக்கொண்டார், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். போர்ட்டர்கூட என்னைப் பார்த்து, குடுத்து வச்ச மகராசி என்றான். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். உட்காரும் மணைக்கட்டையை எடுத்தார்.

தெருவில் கேட்பவர்களிடம் அத்தை, மலைப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்கிறார். போன மாதமும் அதே படிதான். இத்தனை கோடி பேர் ஏறி இறங்குகிற மலையில் விழுந்துகொண்டே இருப்பவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. பூண்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். இடது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை, ரயில் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அண்ணி, காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கு இடம் வாங்கிக் கொடுத்தீர்களே. எனக்கும் குழந்தைக்கும் அங்கே ஒரு மூலை வேண்டும். எட்டாவது வரை படித்திருக்கிறேன், நெசவு தெரியும், பாத்திரம் தேய்க்கச் சொன்னாலும் தேய்ப்பேன். என் கையையும் பார்த்தால் உங்களுக்குப் புரியும்.

சுலோச்சனா


சென்னை
6-11-1944

சுலோச்சனாவுக்கு,

உன்னிடம் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புருஷன், என் பெண்சாதியை ஆசை காட்டிக் கடத்திவிட்டார்கள் என்று எங்கள் நிலையத்தின் மேல் கேஸ் போட்டுவிட்டான். செக்ரட்டரி அம்மாள் கோர்ட்டுப் படி ஏறவேண்டியதாயிற்று. அதிலிருந்து கமிட்டியில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கல்யாணமான பெண்ணைச் சேர்ப்பதென்றால் அவளுடைய பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ யாராவது ஒருவர் கமிட்டி முன்னால் வந்து, 'ஆமாம், அவன் அடிக்கிறான், எனக்குத் தெரியும்' என்று வாய் திறந்து சொல்லவேண்டும். காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கு அவள் சித்தப்பா வந்து சொன்னார். உனக்கு உன் அம்மா வரமாட்டாள். அப்படியானால் மிச்சம் நான்தான். நான் சொன்னால் போதும், அன்றைக்கே இடம் கொடுப்பார்கள்.

சொல்லத்தான் போனேன். செக்ரட்டரி அம்மாள் அறைவாசல் வரை போய் நின்றேன். வாய் வரவில்லை.

சத்தியம் மீறின விஷயம் இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. சத்தியம் வாங்கின அக்காவே, நாலு பேர் முன்னால், என் தம்பி மீறிவிட்டான் என்று சொன்னால் அது சாமியிடம் நேராகப் பிராது கொடுத்த மாதிரி இல்லையா? உனக்கு எல்லப்பனைத் தெரியாது, நீ மருமகளாக வருவதற்கு முன்பே செத்துப்போனான். ஜட்கா ஓட்டியவன். அண்ணன் நிலத்தை எடுத்துக்கொண்டு, எடுக்கவே இல்லை என்று அதே கொடிமரத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்தான். அண்ணன் பெண்சாதி தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். அடுத்த ஆடிக்குள் அவன் கண் இரண்டும் வெண்ணிறமாகிவிட்டது. அவனே குதிரையைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்ததை நான் சின்னப் பெண்ணாக நின்று பார்த்திருக்கிறேன். ஆறுமுகத்தை அப்படி நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் கெட்டவனாகவே இருக்கட்டும், நான் வளர்த்த பிள்ளை.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். இங்கே தட்டானிடம் சொல்லி வெள்ளியில் ஒரு ஜோடி கண்மலர் அடித்து வாங்கினேன். பார்சலாக ரம்ஜான் பீ பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். கார்த்திகைக் கிருத்திகையன்று நீ மலை ஏறி, அவன் பெயருக்கு அர்ச்சனை செய்து, அந்தக் கண்மலரைச் சாமிக்குச் சாத்திவிட்டு வா. பெண்சாதி கையால் சாத்தினால்தான் பலிக்கும். முதலில் அவன் கண் பிழைக்கட்டும். பிறகு தைரியமாக உன் வழியைப் பார்ப்போம். இது என் வாக்கு.

கௌரி


திருத்தணி
3-12-1944

அண்ணிக்கு,

சாத்திவிட்டேன்.

பார்சலைப் பிரித்தபோது ரம்ஜான் பீ கண்மலரைக் கையில் வைத்துப் பார்த்து, யாருக்குக் கண் சரியில்லை என்று கேட்டாள். விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் வளையலை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "காதுக்குச் செய்ய மாட்டாங்களா உங்க சாமிக்கு?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். செய்வார்கள். பக்கத்துக் கடையிலேயே காது, கை, கால் எல்லாம் தகட்டில் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இடுப்பில் அடிபட்ட வலியோடு படி ஏறினேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நிஜமாகவே ஒரு இடத்தில் கால் வழுக்கியது, விழாமல் பிடித்துக்கொண்டேன். விழுந்திருந்தால் அத்தை சொன்னது பொய்யில்லாமல் போயிருக்கும்.

குருக்கள் பெயர் நட்சத்திரம் கேட்டார். 'மலைமேல் இருக்கிறவர் பேர்தான்' என்றேன். அவருக்குப் பழக்கம்தான், சிரித்துக்கொண்டே ஆறு விரலைக் காட்டி, தன் முகத்தைத் தொட்டுக் கேட்டார், தலையாட்டினேன். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து சாமியைக்கூட அந்தப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

தீபாராதனையின்போது அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வாய்க்காக இல்லை அண்ணி, மனசாரவே வேண்டினேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. சாமியின் கோபம் தணிந்த மலை என்று சொல்லித்தான் இந்த ஊருக்கே பெயர். அங்கே போய் நின்றுகொண்டு, அடிபட்டவள் அடித்தவருக்காகக் கெஞ்சினேன்.

ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் இருக்கிற கோபம் எனக்கு அவர்மேல்கூட இல்லை. அவர் அடிக்கிறவர், அவ்வளவுதான். நீங்கள் அடிபட்டவர்களுக்குச் சோறு போடுகிறவர். ஊரார் பெண்ணுக்கெல்லாம் உங்கள் கதவு திறக்கிறது.

கண் பிழைத்துவிட்டது. உங்கள் வாக்கு என்னவாயிற்று?

சுலோச்சனா


சென்னை
10-1-1945

சுலோச்சனாவுக்கு,

ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்னமும் அந்த அறைக்குள் போய் என் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் வேறு வழி ஒன்று பார்த்திருக்கிறேன். எங்கள் கமிட்டியில் ஒரு வக்கீல் வீட்டு அம்மாள் இருக்கிறார். தைக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறார், குளத்தங்கரைச் சத்திரத்தில் தங்குவார். அங்கே ஒரு பெண் கஷ்டப்படுகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் என் தம்பி பெண்சாதி என்று மட்டும் சொல்லவில்லை. அவரே உன்னைப் பார்த்து, கேட்டு, திருப்தியாகிவிட்டால் உறவுக்காரர் சாட்சி வேண்டாம் என்று அவரே பேசிக்கொள்வார். அவர் சொன்னால் கமிட்டியில் மறுபேச்சு கிடையாது.

தனியாகப் போகாதே, ரம்ஜான் பீயை அழைத்துக்கொண்டு போ. கேட்டதற்கு நேராகப் பதில் சொல். அழாதே, அந்த அம்மாளுக்கு அழுதால் பிடிக்காது. காதைக் காட்டு.

கௌரி


திருத்தணி
11-2-1945

அண்ணிக்கு,

அந்த அம்மாள் நல்லவர். பாய் போட்டு உட்காரச் சொன்னார், குழந்தைக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். காதைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். நான் அழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்.

மலைமேல் இருக்கிறவர் பேர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாமிக்கு நூறு பெயர் இருக்கிறதே, எது என்றார். ரம்ஜான் பீ பெயரைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கையமர்த்தி, இவள் வாயால் வரட்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன் அண்ணி. சத்தியமாகத் திறந்தேன். அதற்குமேல் வரவில்லை. உப்புப் போட்ட கையையே குற்றம் சொன்னவர், செம்பைத் தூக்கினவர், எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆயுசு குறையும் என்பதும் ஞாபகம் இருந்தது.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. ரம்ஜான் பீயைப் பார்த்துச் சொன்னார். "பேர் சொல்லவே பயப்படறவ, நாளைக்கு அவன் கேஸ் போட்டா கோர்ட்டுல நின்னு என்ன சொல்லுவா? உறவுக்காரங்க யாரையாவது அழைச்சிக்கிட்டு வரச் சொல்லு." நியாயமான பேச்சுதான். என் இடத்தில் வேறு ஒருத்தி இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சத்திரத்து வாசலில் பூ விற்கும் சின்னப்பொண்ணு எங்களைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் வீடு சேர்வதற்கு முன் சேதி வீடு சேர்ந்துவிட்டது. அன்று அவர் என்னைத் தொடவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவரும் அத்தையும் என்னையும் குழந்தையையும் மலைக்கு அழைத்துப் போனார்கள். அதே கொடிமரம். வீட்டில் நடப்பதை வெளியே யாரிடமும் வாயால் சொல்லமாட்டேன், இவர் அனுமதி இல்லாமல் வாசற்படி தாண்டிப் போகமாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். மீறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அமிர்தத்தைக் கொண்டுவந்து கற்பூரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்தார்கள், அவ்வளவுதான்.

அணைத்தேன். உங்கள் தம்பி ஆடியில் அணைத்தபோது தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் முழுக்க அணைந்துவிட்டதா என்று தெரிகிறவரை வைத்திருந்தேன். உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது.

எழுதுவது வாயால் சொல்வதாகுமா ஆகாதா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னமும் நிச்சயமாகத் தெரியவில்லை. ரம்ஜான் பீ வளையல் கூடையோடு கொல்லைப்பக்கம் வந்து இதை வாங்கிப்போவாள். இனி எழுதாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுலோச்சனா


சென்னை
2-4-1945

என் கண்ணே சுலோச்சனா,

நேற்றுத்தான் திருத்தணியிலிருந்து திரும்பினேன். உன் முன்னால் உட்கார்ந்து பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மாசிக் கடைசியில் ஆறுமுகம் ரயில்வே வேலையாகப் பட்டணம் வந்தான். என்னைப் பார்க்க நிலையத்துக்கும் வந்தான். வாசல் அறையில் உட்காரவைத்து காப்பி கொடுத்தேன். பயந்து பயந்து, கண் எப்படிடா இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். "அக்கா, நீ அழுதியேன்னு அணைச்சேன். நீ வேற வெள்ளிக் கண்ணு செஞ்சி அனுப்பினியாமே, அவகிட்ட கேட்டு அம்மா சொல்லிச்சி. சாமிக்கு வேற வேலை இல்லையா? இதோ, இந்தக் கண்ணாலதான் தெனம் நட்டு போல்ட்டு பாத்துகினு இருக்கேன்." சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் காப்பி கேட்டான்.

அடித்தாயா என்று நான் கேட்கவில்லை, இல்லை என்று அவனும் சொல்லவில்லை. கற்பூரம் அணைத்தவன் அவன். அதற்குப் பயந்து கிடந்தவர்கள் நீ, நான், என் அம்மா, உன் அம்மா. நாலு பெண்பிள்ளைகள் சேர்ந்து அந்தப் பயல் கண்ணுக்குக் காவல் இருந்திருக்கிறோம், அவன் நன்றாகத் தூங்கியிருக்கிறான்.

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் நான் செக்ரட்டரி அம்மாள் அறைக்குள் போய்விட்டேன். கமிட்டி கூடியது. என் தம்பி அடிக்கிறான், எனக்குத் தெரியும், முன்பே தெரியும் என்று சொன்னேன். உனக்கும் அமிர்தத்துக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில்.

பங்குனி உத்திரத்தன்று உங்களை அழைத்துப் போகத்தான் வந்தேன். சாமி கும்பிட வந்ததாக அம்மாவிடம் சொன்னேன். நீ என்னை விருந்தாளியை விசாரிக்கிற மாதிரி விசாரித்தாய், முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். இளைத்துப் பாதியாகிவிட்டாய். அம்மா வாசலில் கீரைக்காரியோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அடுப்படிக்கு வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். இடது காது கேட்காது என்று எழுதியிருந்தாயே, அதனால் உன் வலது தோள் பக்கமாக வந்து நின்று, அம்மா காதில் விழாதபடி சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே என்னோடு வா, ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்றேன். இரண்டு தரம் சொன்னேன். நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாய்.

உன் சத்தியம்தான் உன்னைத் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லையென்றால், நான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்ததற்கு நீ எனக்குச் சொன்ன பதில் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

குழந்தையை நிற்கவைத்து வாங்கின சத்தியத்தை எந்தச் சாமியும் கணக்கில் வைக்காது. சித்திரை முடியும் வரை கட்டிலைக் காலியாக வைத்திருக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குமேல் வைக்கமாட்டார்கள், தினம் யாராவது வந்து நிற்கிறார்கள். ஒரு வார்த்தை எழுது, மறுபடி வருகிறேன். இந்தத் தரம் மெதுவாகப் பேசமாட்டேன்.

கௌரி


திருத்தணி
20-5-1945

அன்புள்ள அண்ணிக்கு,

சுலோச்சனா கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஒரு குறையும் இல்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து பதில் எழுதவேண்டும் என்றுதான் நினைத்தேன். ரம்ஜான் பீ உடம்பு சரியில்லாமல் அவள் மகள் ஹுசைனா வீட்டுக்குப் போயிருந்தாள், நேற்றுத்தான் வந்தாள். சித்திரை முடிந்துவிட்டது. கட்டிலில் இப்போது வேறு யாராவது இருப்பார்கள். நல்லதுதான், காலியாக இருந்தால் வீண்.

மாசி மாதத்திலிருந்து எனக்கு அந்த ரயில் சத்தம் நின்றுவிட்டது. சமையலறையில் பாத்திரம் விழுந்தால்கூட வலது காதிலும் சத்தம் இல்லை. அத்தை கூப்பிட்டு, நான் போகாமல் இருந்து, திட்டு வாங்குவது மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அமிர்தம் கெட்டிக்காரி. ஏதாவது சொல்லவேண்டுமானால் என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறாள். அவள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். அத்தை பேசுவது வேகம், பிடிபடுவதில்லை.

நீங்கள் என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது அண்ணி. உங்கள் கடிதம் படித்துத்தான் தெரியும். குழந்தையைக் கேட்டேன். 'அத்தை நின்னுச்சி, பேசிச்சி, அப்புறம் கண்ணைத் தொடைச்சிகினு போயிடுச்சி' என்றாள். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, வாயைப் பெரிதாகத் திறந்து மூடிக் காட்டினாள். மறுபடி மறுபடி காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டிருந்தால் வந்திருப்பேனா என்று தெரியாது. உள்ளங்கைத் தழும்பு இன்னும் மறையவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் சத்தியத்தை எங்கே மீறினேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். ஒருவேளை கல் பொறுக்கிக்கொண்டேதான் இருந்திருப்பேன். ஆனாலும் ஒருவர் வந்து என்னை வா என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டிருக்கலாம். அந்த ஆசை மட்டும் போகவில்லை.

உங்கள்மேல் இருந்த கோபம் இப்போது இல்லை. நிஜமாகவே இல்லை. இனி எழுதவும் ஒன்றும் இல்லை. நீங்களும் எழுதவேண்டாம், ரம்ஜான் பீக்கு முடியவில்லை.

அந்த வக்கீல் வீட்டு அம்மாளைப் பார்த்தால், அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டதாகச் சொல்லுங்கள். என் புருஷன் பெயர் ஆறுமுகம். ஆறுமுகம் சௌக்கியம். ஆறுமுகம் தினம் வேலைக்குப் போய் வருகிறார். ஆறுமுகத்துக்குக் கண் இரண்டும் நன்றாகத் தெரிகிறது.

சுலோச்சனா